உங்களுக்குத் தெரியுமா? மீன் தொட்டிக்குள் வலம்புரி!

செட்டிகுளம். பெயரிலேயே குளம். மலைமேல் முருகன் கையில் கரும்போடு நிற்கும் ஊர், சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன ஊர். இங்கே ஒரு வீட்டில் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, நாலு கப்பி மீனும் ஒரு கொத்து வேலம்பாசியும் விட்டால் என்ன ஆகும்? ஒன்றிரண்டு மாதத்தில் கண்ணாடி முழுக்க மிளகைத் தூவினாற்போல் நத்தை! யாரும் வாங்கவில்லை, யாரும் விடவில்லை. பிறகு எப்படி வந்தது, எப்படிக் குறைப்பது? இந்தப் பக்கத்துச் சேதிகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

●

வந்த வழி பெரும்பாலும் பாசிதான். இலையின் அடியில் கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு சொட்டுப் பசை ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் உள்ளே ஊசிமுனைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முட்டை. நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். தொட்டி நத்தைகளில் பல இனங்கள் ஆணும் பெண்ணும் ஓருடலாக இருப்பவை. துணை கிடைத்தால் கூடும். கிடைக்காவிட்டால் தன்னைத் தானே சினைப்படுத்திக்கொள்ளும். அதனால் "ஒண்ணே ஒண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டது, ஒன்றாக நிற்காது.

●

வலம்புரிச் சங்கு கிடைப்பதற்கு அரிது, அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் உங்கள் தொட்டியில் வலம்புரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம்!

நுனி மேலே, வாய் நம்மைப் பார்த்தபடி ஒரு நத்தை ஓட்டைப் பிடியுங்கள். பெரும்பாலான நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். 'ஃபைசா' என்ற சிறு பழுப்பு நத்தைக்கோ இடப்பக்கம். விலங்கியலார் இதை இடச்சுழி என்பார்கள். நாம் சங்கைப் பிடிப்பது நுனி கீழே இருக்கும்படி. அதனால் அதே சுழி நமக்கு வலம்புரி ஆகிவிடுகிறது. வேடிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தொட்டியில் இருப்பது ஃபைசாவா, அதே அளவில் வரும் 'லிம்னியா'வா என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை. லிம்னியாவுக்கு வாய் வலப்பக்கம், உணர்கொம்புகள் முக்கோணமாகத் தடித்திருக்கும். ஃபைசாவுக்கு நூல்போல மெலிந்திருக்கும். ஃபைசா பெரும்பாலும் பாசியையும் அழுகல் இலையையும்தான் மேயும். லிம்னியா நல்ல இலையிலும் ஓட்டை போடும். செடி வளர்ப்பவர் கவலைப்பட வேண்டியது லிம்னியாவைப் பார்த்து.

●

ஃபைசாவுக்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் டிராப்பர்னோ. 1805இல், பிரான்ஸ் நாட்டின் கரோன் ஆற்று நத்தையை வைத்து. அது ஐரோப்பாவின் சொந்த நத்தை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அதன் தாயகம் வட அமெரிக்கா என்று பிறகுதான் தெளிந்தது. நீர்ச்செடி போன இடமெல்லாம் கூடவே போய்விட்ட நத்தை.

●

மணலுக்குள் பகலெல்லாம் புதைந்திருந்து, விளக்கை அணைத்ததும் கூட்டமாக மேலே வரும் கூம்பு நத்தையைப் பார்த்திருக்கிறீர்களா? கடைகளில் இதற்கு 'மலேசியன் ட்ரம்பெட்' என்று பெயர். இது மலேசியாவுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். 1774இல் டேனிஷ் அறிஞர் ஓ.எஃப். முல்லர் இதை முதன்முதலில் விவரித்தபோது, கிடைத்த இடமாகக் குறித்தது கோரமண்டல் கரையை. அதாவது நம் சோழமண்டலக் கரையை! நம் ஏரி, வாய்க்கால், ஆற்று மணலில் என்றைக்கும் இருந்துவரும் நத்தை இது. இன்று அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது.

இதன் குடும்பக் கணக்கு இன்னும் விசித்திரம். பெரும்பாலும் எல்லாமே பெண். ஆண் துணை இல்லாமலே கருவுற்று, குஞ்சுகளைத் தலைப்பக்கத்துப் பையில் வைத்து வளர்த்து, ஓட்டோடு உயிருள்ள குட்டியாக வெளியே விடும். முட்டையே இடாததால் முட்டையைத் தேடி அழிக்கும் வேலை இதனிடம் பலிக்காது. ஓட்டின் வாயை மூடிக்கொள்ள ஒரு கதவும் உண்டு. மருந்துத் தண்ணீர் பட்டதும் கதவைச் சாத்திக்கொள்ளும். கல்லுப்பைப் போட்டால் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். உவர்நீரிலும் வாழக்கூடிய நத்தைக்கு அது எந்த மூலைக்கு? அதற்குள் செடிதான் கருகும்.

இவ்வளவு சொன்னாலும், இந்த நத்தையை வெறுக்க எனக்கு மனம் வருவதில்லை. மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அடியில் அழுகல் தேங்காமல் பார்த்துக்கொள்கிறது. பத்து இருபது இருந்தால் நல்ல வேலையாள். ஆயிரமானால்தான் தொல்லை.

●

நத்தையின் இரத்தம் பெரும்பாலும் நீலம். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் இரத்தத்தில் செம்பு செய்கிறது. ஆனால் தட்டையாகச் சுருண்ட ஆட்டுக்கொம்பு நத்தைக்கு, நம்மைப் போலவே ஹீமோகுளோபின் உள்ள சிவப்பு இரத்தம். கடையில் 'ரெட் ராம்ஸ்ஹார்ன்' என்று விற்பது, உடலில் கறுப்பு நிறமி இல்லாமல் போனதால் இரத்தம் வெளியே தெரியும் வகைதான். தனியாக ஒரு சாயமும் இல்லை.

●

பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கும் நத்தைக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. கிரிட்டேசியக் காலத்தில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கடல். காரையிலும் அரியலூர்ப் பக்கத்திலும் கல்லாகிப் போன சங்கும் சிப்பியும் இன்றும் கிடைக்கின்றன. கருடமங்கலத்துப் பாறையை வெட்டிப் பளபளப்பாக்கினால், பலகை முழுக்க நத்தை ஓடுகளும் சிப்பிகளும் நெருக்கியடித்துக்கொண்டு தெரியும். அதற்குத் 'திருச்சினாப்பள்ளி மார்பிள்' என்றே பெயர்.

இந்த நத்தைகளுக்காகவே ஒருவர் ஒரு பெரும் நூல் எழுதினார். மொராவியாவில் பிறந்து, 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. தென்னிந்தியக் கிரிட்டேசிய நத்தைகளைப் பற்றிய அவருடைய தொகுதி 1867–68இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்தது. 1874இல், யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில் உயிர்விட்டார். இதே வட்டாரத்துச் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரத்தை 1940இல் உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஸ்டோலிச்காவின் பெயரையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

●

அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பில்தான் அரியலூர் சிமென்ட் ஆலைகள் நடக்கின்றன. நத்தை ஓடும் அதே சுண்ணாம்புச் சத்துதான். கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால், ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் நத்தைக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தமாதிரி. மென்னீரில் வளரும் நத்தைக்கு ஓடு அரித்து வெளுத்திருப்பதைப் பார்க்கலாம்.

அதற்காகத் தண்ணீரைப் புளிப்பாக்கக் கிளம்பிவிடாதீர்கள். கப்பி, மாலி மீன்களுக்கும் கடினநீர்தான் பிடிக்கும்.

●

இனி முக்கியமான விஷயம். நத்தை பெருகுவது நத்தையின் குற்றம் அல்ல, நம் கை தாராளம். மீன் தின்றது போக அடியில் விழும் தீனி, அழுகும் இலை, கண்ணாடிப் பாசி: இந்த மூன்றும்தான் நத்தைக்குச் சாப்பாடு. சாப்பாடு எவ்வளவோ, கூட்டம் அவ்வளவு. நூறு நத்தையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, காலையும் மாலையும் பழையபடி ஒரு சிட்டிகை தீனியைக் கொட்டினால் மிச்சமிருக்கும் பத்து நத்தை அந்த இடத்தை நிரப்பிவிடும். மருந்து அடித்தும் மறுபடி வருகிறதே என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தீனி டப்பாவை.

இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். வாரத்தில் ஒருநாள் தீனியே வேண்டாம். வளர்ந்த மீனுக்கு ஒரு குறையும் வராது. பழுத்த இலையைக் கிள்ளி எடுங்கள். தண்ணீர் மாற்றும்போது மணல் அடியிலிருக்கும் கசடைக் குழாய் வைத்து உறிஞ்சுங்கள். வெயில் நேரே விழும் சன்னலோரத்தில் தொட்டி இருந்தால் நகர்த்துங்கள், பாசி குறையும். சில வாரங்களில் குட்டி நத்தைகள் கண்ணில் படுவது குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். வீட்டில் தீனி போடும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். தாத்தா ஒரு தடவை, பேத்தி ஒரு தடவை, விருந்துக்கு வந்தவர் ஆசைக்கு ஒரு தடவை என்று போனால் எந்த வைத்தியமும் நிற்காது.

●

இருப்பவற்றைப் பிடிக்க வெள்ளரித் துண்டு போதும். அல்லது வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த முட்டைக்கோஸ் இலை. சிறு பிளாஸ்டிக் புட்டிக்குள் வைத்து, மிதக்காமல் ஒரு கல்லையும் போட்டு, விளக்கணைத்த பிறகு மணல்மேல் படுக்க வையுங்கள். விடியற்காலையில் எடுத்தால் உள்ளே திருவிழாக் கூட்டம்! விடிந்து வெளிச்சம் வந்தபின் எடுத்தால், மணலில் புதையும் வகை நழுவிவிடும். ஒருநாளில் தீராது. தொடர்ந்து பத்து இரவு செய்ய வேண்டும்.

●

கண்ணாடியில் ஊரும் பொடி நத்தையை விரலால் நசுக்கிவிட்டால் கப்பிகள் ஓடிவந்து தின்னும். நாலைந்துக்கு இது சரி, நாற்பதை நசுக்கினால் தண்ணீர் கெடும்.

●

புதுச் செடி வாங்கினால் நேரே தொட்டியில் போடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தை, லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கணக்கில் வாளியில் கரைத்து, செடியை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். ஃபைசா, லிம்னியா முட்டைகளுக்கு இது நல்ல முறை. கதவு சாத்தும் கூம்பு நத்தைக்கு இதை நம்ப முடியாது. வேரை உதறி, மண்ணைக் கழுவி, கண்ணால் தேடித்தான் எடுக்க வேண்டும். இதற்கும் மேலே, மீனில்லாத வாளியில் செடியை மூன்று வாரம் வைத்துப் பார்த்தால், முட்டை தப்பியிருந்தாலும் பொரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பழைய மணலைப் புதுத் தொட்டிக்கு மாற்றுவதாக இருந்தால் கொதிக்க வைத்துவிடுங்கள்.

●

செம்பு கலந்த மயில்துத்தம் வேண்டாம். விவசாயி வீட்டில் போர்டோ கலவைக்கு வாங்கிய துத்தம் ஒரு மூலையில் இருக்கும். "ஒரு கல்லைப் போட்டா நத்தை செத்துடும்" என்று யாராவது சொல்வார்கள். செத்துவிடும், உண்மைதான். செம்பை இரத்தத்திலேயே வைத்திருக்கும் நத்தைக்குத் தண்ணீரில் கரைந்த செம்பு கொடிய நஞ்சு. அலங்கார இறாலுக்கும் அப்படித்தான். அளவு மிஞ்சினால் மீனுக்கும் அதே கதி.

இதில் சிக்கல் என்னவென்றால், சரியான அளவு என்று ஒன்று கிடையாது. கடினநீரில் செம்பின் வீரியம் குறையும், மென்னீரில் பல மடங்கு கூடும். ஒரு வீட்டுக் கிணற்று நீரில் மீன் தாங்கிய அளவு, இன்னொரு வீட்டு மழைநீரில் மீனைக் கொன்றுவிடும். கடையில் விற்கும் நத்தைக்கொல்லி மருந்து பலவற்றிலும் செம்புதான் இருக்கிறது. புட்டியின் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

அப்படியே மீன் தப்பினாலும் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் விளிம்புவரை ஊற்றினாலும் சுமார் 56 லிட்டர்தான் தண்ணீர். அதற்குள், மணல் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நத்தைகளும் சேர்ந்து ஒரே இரவில் செத்து அழுகினால் அம்மோனியா ஏறும். மறுநாள் காலை மிதப்பது மீன்.

●

நத்தையைத் தின்னும் நத்தை உண்டு! மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை போட்ட 'அசாசின்' நத்தை. தாயகம் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா. மணலில் புதைந்திருந்து, மோப்பம் பிடித்துத் துரத்தி, நீளும் உறிஞ்சுகுழாயை இரையின் ஓட்டுக்குள் விட்டுத் தின்றுவிடும். இதில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரு கூட்டுக்கு ஒரே முட்டை. ஆகவே பெருக்கம் மெதுவாகத்தான் இருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற வழி. நீங்கள் ஆசையாக வளர்க்கும் வேறு நத்தை இருந்தால் அதையும் விடாது என்பதை மறக்க வேண்டாம்.

●

ஒரு அங்குலத்துக்குச் சற்றே மேல் வளரும் குட்டிப் பேத்தை மீனுக்கு நத்தை என்றால் உயிர். கேரள ஆறுகளின் மீன் அது. 1941இல் ஹோராவும் நாயரும் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அழியும் வாய்ப்புள்ள இனமாக இன்று பட்டியலில் இருக்கிறது. ஆற்றில் பிடித்து விற்றதும் அதற்கு ஒரு காரணம். மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும் குணமும் உண்டு. கப்பித் தொட்டியில் நத்தை பிடிப்பதற்காக இதை வாங்குவது இரு தரப்புக்கும் செய்யும் கொடுமை. 'க்ளௌன் லோச்' மீனை வாங்கச் சொல்வார்கள். சிறிதாக இருக்கையில் அழகு, நத்தையும் தின்னும். ஆனால் அது ஒரு அடி நீளம் வளரும் மீன். இரண்டடித் தொட்டிக்குள் அதற்கு என்ன வாழ்க்கை இருக்கிறது?

●

நத்தை தின்னவே அலகு வாய்த்த பறவை நத்தைக்குத்தி நாரை. மூடினாலும் அலகின் நடுவே இடைவெளி தெரியும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குப் போனால் பார்க்கலாம். 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. மின்மினிப் பூச்சியின் புழுவும் நத்தைதான் தின்னும். ஜப்பானின் 'கெஞ்சி' மின்மினிப் புழு அதற்காகவே ஆற்றுத் தண்ணீருக்குள் வாழ்கிறது.

●

குட்டையிலிருந்து நத்தையோ பாசியோ எடுத்து வந்து தொட்டியில் விடும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. மாட்டுக்கு மூக்கில் சதை வளர்ந்து, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் வரும் நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான புழுவை 1933இல் விவரித்தவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கால்நடை ஆய்வாளர் எம்.ஏ.என். ராவ். அந்தப் புழு மாட்டுக்குப் போகுமுன் இளமையைக் கழிப்பது நம் குட்டைகளில் மலிந்த ஆட்டுக்கொம்பு நத்தையின் உடலில். இவ்வகைப் புழுக்களின் குஞ்சுகள் தண்ணீரில் நிற்பவர் தோலில் புகுந்தால் அரிப்பும் தடிப்பும் வரும். மாடு இறங்கும் குட்டையில் பிடித்த நத்தையைக் கையால் அளைய வேண்டாம். வீட்டுத் தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளரும் நத்தையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மாடு இல்லாமல் அந்தப் புழுவின் வாழ்க்கை நிறைவேறாது.

●

பகலிலேயே கூம்பு நத்தைகள் மணலை விட்டு வெளியேறி, கண்ணாடியில் ஏறி, நீர்மட்டத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, அல்லது தண்ணீர் கெட்டிருக்கிறது. உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஏர் பம்ப் ஓடுகிறதா பாருங்கள். எல்லா நத்தையையும் கொன்றுவிட்ட தொட்டியில் இந்தச் சேதி சொல்ல ஆள் இல்லை.

●

கடைசியாக, பிடித்த நத்தையை எங்கே கொட்டுவது?

1847இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து ஆப்பிரிக்க நத்தை இரண்டைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரங்கித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தோட்டங்களை மொட்டையடிக்கும் இராட்சத நத்தையின் இந்தியக் கதை அங்கேதான் தொடங்கியது. தென் அமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தையை, உணவுக்காக வளர்த்துக் காசு பார்க்கலாம் என்று 1980களில் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே தப்பி நெல் நாற்றைத் தின்றது. இன்றுவரை அந்த நாட்டு விவசாயிக்கு அது தலைவலி. ஸ்பெயினின் எப்ரோ கழிமுகத்து நெல் வயல்களுக்கு அதே பேரினத்து நத்தை வந்து சேர்ந்த பிறகு, 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பேரினம் முழுவதையும் கொண்டுவரத் தடை போட்டது. நம் மீன் கடைகளில் மஞ்சளும் நீலமுமாக விற்கும் 'மிஸ்டரி' நத்தையும் அதே பேரினம்தான். நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் கொத்தாக முட்டை வைக்கும். வேண்டாமென்றால் வழித்து எடுத்துவிடலாம்.

நம் வயல் நத்தை வேறு. அது ஈர மண்ணில் வெள்ளை முட்டை வைக்கும், கோடையில் சேற்றுக்குள் உறங்கிக் கிடக்கும், நாரைக்கும் சில வீட்டு அடுப்புக்கும் உணவாகும். அதன் இடத்தை வெளியூர் நத்தைக்குத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

எனவே செட்டிகுளத்து வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டி அலுத்துவிட்டது என்று நத்தையையும் மீனையும் பாசியையும் குளத்திலோ ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். நத்தையை வெந்நீரில் போட்டுக் குழியில் புதையுங்கள். பாசியை வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடுங்கள். மருந்து கலக்காத தொட்டித் தண்ணீர் செடிக்கு நல்ல உரம்; கொல்லையில் இருக்கும் முருங்கைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள்.